பிரேக் அடிச்ச பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடும்? கோவில்பட்டி நான்கு வழிச்சாலையில் ஒரு பிளஸ் டூ கணக்கு

கோவில்பட்டியைத் தாண்டி தெற்கே போனால் இடைசெவல், கயத்தாறு, அப்புறம் திருநெல்வேலி. வடக்கே போனால் சாத்தூர், விருதுநகர், மதுரை. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44, இந்தக் கரிசல் காட்டுக்குள் ஏறக்குறைய நேர்கோடாகவே போகிறது. மலை இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை. ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை கறுப்பு நிலம். ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்கவே தோணாது.

சிக்கல் என்னன்னா, இந்த ரோட்டில் கார் மட்டும் போகவில்லை. காட்டில் இருந்து ஏறும் டிராக்டர், சாலையைக் கடக்கும் ஆட்டுக் கிடை, தீப்பெட்டி ஆலைக்கு வேலையாட்களை ஏற்றி வரும் வேன், மீடியன் இடைவெளியில் சட்டென்று திரும்பும் டூவீலர் என எல்லாமே இதில்தான்.

மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருகிறது. எதிரே டிராக்டர் குறுக்கே வந்துவிட்டது. டிரைவர் பிரேக்கை முழுசா மிதிக்கிறார். கார் எத்தனை மீட்டர் தள்ளிப் போய் நிற்கும்?

'இதெல்லாம் வாழ்க்கையில எங்க சார் யூஸ் ஆகப்போகுது?' என்று மாணவர்கள் அதிகம் கேட்கும் பாடம் ஒன்று உண்டு. தொகை நுண்கணிதம், அதாவது இன்டெக்ரேஷன். டிராக்டர் கேள்விக்குப் பதில் அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது.

வேகம் × நேரம்... எங்கே இடிக்குது?

தூரம் = வேகம் × நேரம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த சூத்திரம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2 மணி நேரம் போனால் 120 கி.மீ. அவ்ளோதான்.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வேகம் மாறவே கூடாது. பிரேக் அடித்த நொடியில் இருந்து வண்டியின் வேகம் ஒவ்வொரு கணமும் குறைந்துகொண்டே வருகிறது. எந்த வேகத்தை எடுத்துப் பெருக்குவது? தொடக்கத்தில் இருந்த 108-ஐயா, கடைசியில் வரும் பூஜ்ஜியத்தையா?

கணக்கை எளிதாக்க, முதலில் அலகை மாற்றிக்கொள்வோம். மணிக்கு 108 கி.மீ. என்பதை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு 30 மீட்டர். இப்படிச் சொல்லும்போதுதான் விஷயத்தின் தீவிரம் புரியும். கண்ணை ஒருமுறை சிமிட்டி முடிப்பதற்குள் கார் பல மீட்டர் ஓடியிருக்கும்.

காய்ந்த தார் ரோடு, தேயாத டயர், நல்ல பிரேக். இப்படிப்பட்ட காரின் வேகம் ஒவ்வொரு நொடியும் 6 மீட்டர் வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நொடி முடிவில் 24, அடுத்து 18, 12, 6, ஐந்தாவது நொடி முடிவில் 0. கார் நின்றுவிட்டது. இதைச் சமன்பாடாக எழுதினால்:

வேகம் = 30 − 6 × நேரம்

நேரத்தைக் கொடுத்தால் வேகத்தைச் சொல்லும் இதற்குத்தான் திசைவேகச் சார்பு என்று பெயர்.

நேரத்தை நறுக்கினால் விடை வரும்

இன்டெக்ரேஷனின் மொத்த ரகசியமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

5 நொடியை ஒவ்வொரு நொடியாக நறுக்குவோம். ஒவ்வொரு நொடியிலும், அது தொடங்கும்போது இருந்த வேகத்திலேயே கார் முழுசும் ஓடியது என்று பொய்யாக எடுத்துக்கொள்வோம். 30 + 24 + 18 + 12 + 6 = 90 மீட்டர். உண்மையில் கார் வேகம் குறைந்துகொண்டேதானே வந்தது? அதனால் இந்த 90 என்பது அதிகப்படி.

இப்போது தலைகீழாக, ஒவ்வொரு நொடியின் முடிவில் இருந்த வேகத்தை எடுப்போம். 24 + 18 + 12 + 6 + 0 = 60 மீட்டர். இது குறைச்சல். ஆக, உண்மையான விடை 60-க்கும் 90-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

ஒரு நொடிக்குப் பதில் அரை நொடியாக நறுக்கினால்? அதிகப்படிக் கணக்கு 82.5 மீட்டர், குறைச்சல் கணக்கு 67.5 மீட்டர். இடைவெளி பாதியாகிவிட்டது. நொடியில் பத்தில் ஒரு பங்காக நறுக்கினால் 76.5 மற்றும் 73.5. இன்னும் பொடிப்பொடியாக நறுக்க நறுக்க, மேலே இருந்து ஒரு எண்ணும் கீழே இருந்து ஒரு எண்ணும் நெருங்கி வந்து ஒரே இடத்தில் முட்டுகின்றன. அந்த இடம் 75 மீட்டர்.

இதுதான் வரையறுத்த தொகையிடல். நேரத்தை நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சின்னதாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் 'வேகம் × நேரம்' போட்டு, எல்லாவற்றையும் கூட்டுவது. புத்தகத்தில் பயமுறுத்தும் ∫ என்ற குறிகூட, கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்தை மேலும் கீழும் இழுத்து எழுதியதுதான். 1675-ல் ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸ் கையாண்ட குறி இது. அதைப் பார்த்தால் 'கூட்டு' என்று படித்துக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு முறையும் இப்படி நறுக்கிக் கூட்ட வேண்டுமா? வேண்டாம். தூரத்தை வகையிட்டால் (டிஃபரன்ஷியேஷன்) வேகம் கிடைக்கும். அதனால் வேகத்தைத் திருப்பிப் போட்டால், அதாவது தொகையிட்டால், தூரம் கிடைக்கும். 30 − 6 × நேரம் என்பதைத் தொகையிட்டால்:

தூரம் = 30 × நேரம் − 3 × நேரம் × நேரம்

நேரத்துக்கு 5 என்று போட்டால் 150 − 75 = 75 மீட்டர். ஒரே வரியில் முடிந்தது.

கிராஃப் ஷீட்டில் பார்த்தால் இன்னும் எளிது. கிடையாக நேரம், செங்குத்தாக வேகம். 30-ல் தொடங்கி 5-வது நொடியில் தரையைத் தொடும் சாய்கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது ஒரு முக்கோணம். அடிப்பக்கம் 5, உயரம் 30. பரப்பளவு 5 × 30 ÷ 2 = 75. வேகக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் தூரம். எந்த வண்டிக்கும் இதுதான் கணக்கு.

வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டேகால் மடங்கு

இப்போது இன்னொரு கார். மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர். அதே டயர், அதே பிரேக். நிற்க 3.33 நொடி ஆகும். முக்கோணத்தின் பரப்பு சுமார் 33.3 மீட்டர்.

108 என்பது 72-ஐ விட ஒன்றரை மடங்குதான். ஆனால் 75 மீட்டர் என்பது 33.3-ஐ விட இரண்டேகால் மடங்கு. காரணம் முக்கோணத்திலேயே தெரிகிறது. வேகம் கூடினால் முக்கோணத்தின் உயரம் மட்டும் கூடுவதில்லை, நிற்க எடுக்கும் நேரமும் கூடுவதால் அடிப்பக்கமும் சேர்ந்து நீள்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நாலு மடங்கு. டிரைவர் மனசு இரண்டு மடங்கு என்றுதான் கணக்குப் போடும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

இதோடு முடியவில்லை. டிராக்டரைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு நேரம் ஆகும். அதை 1.5 நொடி என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் வேகம் குறையவே இல்லை, கிராஃபில் அது ஒரு செவ்வகம். 72-ல் வந்த கார் இப்படியே 30 மீட்டர் ஓடிவிடும். 108-ல் வந்த கார் 45 மீட்டர். மொத்தமாகக் கூட்டினால் முதல் கார் 63.3 மீட்டரில் நிற்கும். இரண்டாவது கார் நிற்க 120 மீட்டர் வேண்டும்.

டிராக்டர் 64 மீட்டர் தூரத்தில் குறுக்கே வந்தது என்றால்? முதல் கார் மயிரிழையில் தப்பித்துவிடும். அது நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது என்ன வேகம் இருக்கும்? 'கொஞ்சம் வேகம் குறைஞ்சிருக்கும், லேசா இடிச்சிருக்கும்' என்றுதான் பெரும்பாலும் நினைப்போம். கணக்குப் போட்டால் வருவது நொடிக்கு 26 மீட்டர். அதாவது மணிக்கு சுமார் 94 கிலோமீட்டர்!

இரண்டாவது கார் பிரேக்கைத் தொட்டதே 45 மீட்டர் ஓடிய பிறகுதான். அதற்குப் பிறகு அதற்குக் கிடைத்தது வெறும் 18 மீட்டர். பிரேக்கின் தொடக்கத்தில் கார் வேகமாக இருப்பதால், வேகம் கொஞ்சம் குறைவதற்குள்ளேயே அந்த 18 மீட்டரும் தீர்ந்துபோகிறது.

கரிசல் மண் ரோட்டில் ஏறினால்...

மேலே சொன்னது எல்லாம் காய்ந்த ரோட்டுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் கதையே வேற. கரிசல் மண் மழையில் நனைந்தால் களியாக மாறிவிடும். செருப்போடு நடந்தால் செருப்பு மண்ணிலேயே நின்றுவிடும், கால் மட்டும்தான் வரும். உளுந்து, பாசி, மக்காச்சோளக் காட்டில் இருந்து ஏறும் டிராக்டர் டயர்கள் அந்தக் களியைத் தார் ரோட்டில் அப்பிவிட்டுப் போகும். அதன் மேல் கொஞ்சம் தூறல் விழுந்தால் போதும், டயருக்குப் பிடி கிடைக்காது.

108-ல் வந்த கார் பிரேக் அடித்த முதல் 2 நொடி இப்படிப்பட்ட சேற்றில் போகிறது, அப்போது வேகம் நொடிக்கு 2 மீட்டர் வீதம்தான் குறைகிறது என்று கொள்வோம். பிறகு நல்ல ரோடு வந்து பழையபடி 6 மீட்டர் வீதம் குறைகிறது. இனி ஒரே முக்கோணம் போட முடியாது, கோடு நடுவில் ஒடிகிறது. ஆனால் தொகையிடலுக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. துண்டு துண்டாகப் போட்டுக் கூட்டினால் ஆச்சு. முதல் 2 நொடியில் 56 மீட்டர். அப்போது வேகம் 26. அங்கிருந்து நிற்க இன்னும் 56.3 மீட்டர். மொத்தம் சுமார் 112 மீட்டர். டிரைவர் யோசித்த நேரத்தைச் சேர்க்காமலே, காய்ந்த ரோட்டை விட 37 மீட்டர் அதிகம். அவர் செய்த தவறு எதுவும் இல்லை, ரெண்டே நொடி சேறு.

இதனால்தான் சாலையை வடிவமைக்கும் இன்ஜினியர்கள் நல்ல பிரேக்கை நம்பிக் கணக்குப் போடுவதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி, மணிக்கு 100 கி.மீ. வேகத்துக்கு வடிவமைத்த சாலையில் டிரைவருக்குக் குறைந்தது 180 மீட்டர் தூரம் தடையில்லாமல் தெரிய வேண்டும். அதில் டிரைவர் சுதாரிக்க 2.5 நொடி ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்திலேயே ஏறக்குறைய 70 மீட்டர் போய்விடும். மிச்சம் 110 மீட்டர் பிரேக்குக்கு. செவ்வகம் ஒன்று, முக்கோணம் ஒன்று, அதே கணக்குதான்.

வேக வரம்பு விவகாரம் நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. 2018 ஏப்ரலில் மத்திய அரசு, விரைவுச் சாலைகளில் கார்களுக்கான உச்ச வேகத்தை மணிக்கு 120 கி.மீ. ஆக உயர்த்தி அறிவிக்கை வெளியிட்டது. சாலைகள் தரமாகிவிட்டன, இன்ஜின் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது என்பது வாதம். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். இதில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. இன்ஜின் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த முக்கோணத்தின் பரப்பு மாறப்போவதில்லை. அதைச் சுருக்க வேண்டுமென்றால் பிரேக்கும் டயரும் ரோடும்தான் உதவ வேண்டும்.

கேட்டை ஏன் அவ்வளவு சீக்கிரம் மூடுறாங்க?

ரயில் வருவதற்கு ரொம்ப நேரம் முன்னாடியே கேட்டை மூடிவிடுகிறார்கள் என்ற புலம்பல் ரயில்வே கேட் உள்ள எல்லா ஊரிலும் உண்டு. அதற்கும் விடை இந்தப் பரப்பில் இருக்கிறது. ரப்பர் டயர் தார் ரோட்டைப் பிடிக்கிற மாதிரி, இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடிக்காது. அதே நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் ரயிலின் வேகம், நொடிக்கு அரை மீட்டர் வீதம்தான் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், நிற்க 60 நொடி ஆகும். முக்கோணத்தின் பரப்பு 900 மீட்டர்! காருக்கு 75 மீட்டர் போதுமான இடத்தில் ரயிலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கேட்டில் சிக்கிய வண்டியை லோகோ பைலட் கண்ணால் பார்த்த பிறகு பிரேக் போட்டால் பல நேரம் பலன் இருக்காது.

2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் கோவில்பட்டியில் நிற்கிறது. அந்த ரயில் பிளாட்பாரத்தில் பெட்டிகள் சரியான இடத்தில் வந்து நிற்க வேண்டுமென்றால், ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். அனுபவமுள்ள லோகோ பைலட் இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுவிடுவார். 'கவச்' என்ற பாதுகாப்பு அமைப்பு இதையே கம்ப்யூட்டரில் போடுகிறது. தண்டவாளத்தில் பதித்த அடையாளச் சில்லுகளைக் கடக்கும்போது ரயில் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியும். ஒரு சில்லுக்கும் அடுத்ததுக்கும் நடுவில், சக்கரம் சுற்றுவதை வைத்து எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்கிட்டுக்கொண்டே வரும். சிவப்பு சிக்னலுக்குள் நிற்க முடியாத வேகத்தில் ரயில் போனால் தானாகவே பிரேக் போடும்.

நிலவில் மைல்கல் கிடையாது

காருக்கும் ரயிலுக்கும் சக்கரம் இருக்கிறது, சுற்றுகளை எண்ணலாம். விண்கலத்துக்கு? அங்கே முடுக்கமானி சொல்லும் முடுக்கத்தைத் தொகையிட்டு வேகத்தையும், அந்த வேகத்தை மறுபடி தொகையிட்டு தூரத்தையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் ஒரு சின்னப் பிழை நுழைந்தாலும், கூட்டக் கூட்ட அது பெருத்துக்கொண்டே போகும்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டர் 30 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 1,683 மீட்டர் வேகத்தில் இறங்கத் தொடங்கியது. 7.4 கி.மீ. உயரத்துக்கு வந்தபோது வேகம் 146 மீட்டராகக் குறைந்திருந்தது. அதுவரை எல்லாம் சரி. அடுத்த கட்டத்தில் வேகம் திட்டமிட்டதை விட அதிகமாகக் குறைந்துவிட்டது, லேண்டர் தரையில் மோதியது என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு விளக்கம் தந்தது. 'வேகம் அதிகமா குறைஞ்சா நல்லதுதானே?' என்று தோணலாம். வேகக் கோடு மாறினால் அதன் கீழே உள்ள பரப்பும் மாறும். லேண்டர் போய்ச் சேர வேண்டிய தூரம் தப்பிவிடும், அதைச் சரிக்கட்ட எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் அடுத்த கட்டத்தைப் பாதிக்கும். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3-ல், லேசர் மூலம் வேகத்தை நேரடியாக அளக்கும் கருவி ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23-ல் லேண்டர் பத்திரமாக இறங்கியது.

கோவில்பட்டி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில், குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து கிளம்பப்போகும் ராக்கெட்டுகளுக்கும் இதே கணக்குதான் வழிகாட்டும்.

இவ்வளவு பேசினாலும் இந்த யோசனை லைப்னிட்ஸ், நியூட்டன் காலத்தை விட ரொம்பப் பழையது. களிமண் பலகைகளில் எழுதிய பாபிலோனிய வானியலாளர்கள், வியாழன் கோள் ஒரு நாளைக்கு எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்து, 60 நாளில் அது கடந்த தூரத்தைச் சரிவகத்தின் பரப்பளவாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை 10.75 பாகை. கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்தப் பலகைகளைப் படித்து, மத்தியூ ஒசென்ட்ரைவர் என்ற ஆய்வாளர் 2016-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். வண்டியும் இல்லை, பிரேக்கும் இல்லை, ஆனால் அதே பரப்பு!

பரீட்சையில் மார்க் போகும் இடம்

பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. திசைவேகத்தைத் தொகையிட்டால் நேரடியாகக் கிடைப்பது இடப்பெயர்ச்சி. கேள்வியில் 'கடந்த மொத்தத் தூரம்' என்று கேட்டிருந்தால் கொஞ்சம் நிற்க வேண்டும். கோவில்பட்டியில் இருந்து சாத்தூர் போய்த் திரும்பி வந்த பஸ்ஸுக்கு இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம். ஆனால் டீசல் செலவு பூஜ்ஜியம் இல்லையே!

வேகம் = 6 − 2 × நேரம் என்று கொடுத்து, 0 முதல் 5 நொடி வரை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. நேராகத் தொகையிட்டால் 30 − 25 = 5 மீட்டர். இது இடப்பெயர்ச்சி. ஆனால் 3-வது நொடியில் வேகம் பூஜ்ஜியமாகி, அதன் பிறகு வண்டி ரிவர்ஸில் வருகிறது. முதல் 3 நொடியில் முன்னால் போனது 9 மீட்டர், அடுத்த 2 நொடியில் பின்னால் வந்தது 4 மீட்டர். கடந்த தூரம் 13 மீட்டர். வேகம் எங்கே பூஜ்ஜியமாகிறது என்று முதலில் பார்த்து, அந்த இடத்தில் பிரித்துப் போட வேண்டும்.

கடைசியாக, நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. ஊருக்குள், பள்ளிக்கூடம் விடும் நேரம். கார் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வருகிறது. டிரைவர் சுதாரிக்க 1.5 நொடி, ரோடு காய்ந்திருக்கிறது, பிரேக் அதே நொடிக்கு 6 மீட்டர் வீதம். 40 மீட்டர் தள்ளி ஒரு சைக்கிள் குறுக்கே வருகிறது. கார் நின்றுவிடுமா? செவ்வகம் 22.5, முக்கோணம் 18.75. கூட்டினால் 41.25 மீட்டர். அதே கார் 36 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால் 23.3 மீட்டரில் நின்றிருக்கும்.